உடனிருப்பவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை: இட்லி மூன்று, சாம்பார். பதினோரு மணி: டீ, வடை ஒன்று. மதியம்: சாதம் மூன்று கரண்டி, புளிக்குழம்பு, அப்பளம். மாலை: டீ மட்டும். இரவு: சப்பாத்தி மூன்று.

வாயில் போடுவதை எல்லாம் எழுத வேண்டும் என்பது ஜெஸிந்தா மேடத்தின் உத்தரவு. திருநெல்வேலியில் நான் போகும் ஆஸ்பத்திரியில் அவர் டயட்டீஷியன். நோட்டும் அவர் கொடுத்ததுதான். அட்டையில் ஒரு ஆப்பிள் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. "அளந்து எழுதுங்க சார், நீங்கதான் சர்வேயராச்சே" என்றார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடமாக நிலம் அளக்கிறேன். என் உடம்பை மட்டும் இதுவரை அளக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கோமதிநாயகம், வயது 46, எடை 134 கிலோ. இதுதான் அளவு.

போன மாதம் ஒரு வரப்புத் தகராறுக்குப் போயிருந்தேன். பதினோரு வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி. எல்லைக்கல்லைப் பார்க்கலாம் என்று இறங்கினேன், வரப்பு சரிந்து வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் ஒரு கையும் தம்பி ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். "அந்தப் பக்கம் நல்லாப் பிடிண்ணே" என்றான் தம்பி. பதினோரு வருடத்தில் அவன் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதானாம். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான் இருக்கும். "யோசிச்சு முடிவு பண்ணுங்க, வீட்லயும் பேசுங்க" என்றார் டாக்டர். அவர்கள் கொடுத்த படிவத்தில் 'உடனிருப்பவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தங்கை என்று எழுதினேன். ஆவுடைச்செல்வி, கோவில்பட்டி. போன் நம்பரும் எழுதினேன், மனப்பாடமாக இருந்தது. அவளிடம் பேசி ஆறு வருடம் ஆகிறது என்பதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை: தோசை இரண்டு. மதியம்: சாதம், கோழிக்குழம்பு. இரவு: பரோட்டா இரண்டு.

ஞாயிற்றுக்கிழமையை ஒப்பேற்றுவதுதான் பெரும்பாடு. துணி துவைத்தேன். குடிதண்ணீர் பிடித்து வைத்தேன். பரோட்டாக் கடைக்காரர் "சாருக்கு வழக்கம்போலயா?" என்று கேட்டார். இன்று நான் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜெஸிந்தா மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். பத்தாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்து, "பரோட்டா ரெண்டா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி. எல்லாரும் எழுதுறதை நான் ரெண்டால பெருக்கிக்குவேன். வழக்கமாச் சரியா இருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அரை அடிகூடக் கூட்டிக் குறைத்து எழுதினான் என்று இதுவரை எவனும் என்னைச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. பரோட்டா ஐந்து.

இனி அவருக்குக் காட்ட ஒரு நோட்டு தனியாகப் போடப்போகிறேன். இது எனக்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று அலுவலகத்தில் புலப்படம் வரைவதோடு சரி. வயலுக்கு மற்றவர்கள் போகிறார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து கோடு போடுகிறேன். மண்ணில் நடக்காமல் போடும் கோட்டின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, தங்கைக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அவளோடு எனக்கு ஏற்பட்டது சின்ன வாய்த்தகராறுதான். அம்மா வீட்டைப் பிரிப்பது சம்பந்தமாக. எல்லா வீட்டிலும் நடப்பது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மாடி வீட்டு அம்மா கொழுக்கட்டை கொடுத்துவிட்டார். மூன்று சாப்பிட்டேன். எட்டு.

செப்டம்பர் 1, திங்கள்

பதினேழாம் தேதி ஆபரேஷன். நாளை மறுநாளிலிருந்து இரண்டு வாரம் வெறும் திரவ உணவுதான். குண்டு மனிதர்களுக்குக் கல்லீரல் வீங்கியிருக்குமாம். அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட முடியும். "ஒரு வேளை விருந்துச் சாப்பாடு சாப்பிட்டாலும் தேதியைத் தள்ளி வைப்போம், அப்புறம் முதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினைந்தாம் தேதி உடனிருப்பவரை அழைத்து வந்து கையெழுத்துப் போட வைக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

புரோட்டீன் கஞ்சி நான்கு தடவை. மோர். பருப்புத் தண்ணீர். இதில் பொய் எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

தலைவலி. பக்கத்து மேசைக்காரர் தக்காளிச் சாதம் டப்பாவைத் திறந்தபோது வெளியே போய் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் இருப்பவனுக்குப் போக இடமே இல்லை. பசியைவிட அதுதான் பொறுக்க முடியாததாக இருக்கிறது. அந்த இருபது நிமிடமும் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது, நான் மட்டும் சும்மா நிற்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கையெழுத்துப் போட யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். தலைமைச் சர்வேயர் ஒன்றுவிடாமல் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிடுவார். மாடி வீட்டு அம்மாவிடம் கேட்கலாம், ஆனால் அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக இதே வீட்டில் குடியிருக்கிறேன். கல்யாணம் ஆகியிருந்தால் இந்தப் பட்டியலே தேவைப்பட்டிருக்காது. நான்கு இடத்தில் போட்டோவைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள், ஐந்தாவது இடத்துக்கு நானே போட்டோ கொடுக்கவில்லை.

அம்மா வீட்டைப் பிரிப்பதில் தகராறு என்று மேலே எழுதியது பொய். அந்த வீட்டை ஆவுடை கேட்கவே இல்லை.

தங்கை மகள் தன்ஷிகாவுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். எங்கள் குலசாமியான சாஸ்தா கோயிலில். அப்போது குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த மாமன் நான் ஒருவன்தான். எனக்குத் தரையில் சம்மணம் போட வராது. நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தால் வயிறு முழங்கால்வரை வந்துவிடுகிறது. குழந்தையை வைத்தார்கள், சறுக்கினாள். மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் சறுக்கினாள். ஆசாரி ஊசியோடு காத்துக்கொண்டிருந்தார், குழந்தை வீறிட்டாள். ஆவுடையின் கணவர் பலவேசம், "மச்சானுக்கு மடியே இல்லப்பா, எங்க அண்ணன் மடியில வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்காலில் விழுந்தபோது சிரித்ததுபோல அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. அவருடைய அண்ணன் மடியில் வைத்து என் மருமகளுக்குக் காது குத்தினார்கள்.

அதன்பிறகும் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து, "இனிமே உன் வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம். சொன்னவன் திரும்பிப் போய் அந்த வீட்டில் சாப்பிட்டால்தான் மறுபடி உறவு. போனில் பேசுவது, மன்னிப்புக் கேட்பது எதுவும் எடுபடாது.

அவள் என்ன தப்புச் செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. பலவேசத்திடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

ஆவுடைக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். "மத்தியானத்துக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லவில்லை. நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். உண்மையில் பயம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "டாக்டர் எதையும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், தப்பா நினைக்காத." அவள் வீடு மாடியில். பதினெட்டுப் படி. இரண்டு இடத்தில் நின்றேன். மேலே பலவேசம் நின்றிருந்தார், தலை நரைத்துப்போய். "மெதுவா வாங்க மச்சான், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மூச்சு வாங்கியதில் என் வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

உள்ளே சாப்பாட்டு மேசையில் இலை போட்டிருந்தது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு, கை இல்லாத அகலமான மர நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார்கள். தன்ஷிகா கதவோரம் நின்றாள். ஒன்பது வயது. "மாமா, இந்த சேர் நம்மளது இல்ல. அப்பா நாலு வீடு ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தாக" என்றாள். பலவேசம் "ஏ, சும்மா இரு" என்று அதட்டினார்.

உட்கார்ந்தேன். ஆவுடை கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட மாட்டேன் என்று அந்த நேரத்தில் சொன்னால், காரணம் எதுவாக இருந்தாலும் அவள் காதில் பழைய வார்த்தைதான் விழும். பதினொரு நாள் பட்டினி. இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தேன். சாதம் ஆறு கரண்டி. சொதி மூன்று தடவை. இஞ்சிப் பச்சடி. உருளைக்கிழங்குப் பொரியல் இரண்டு தடவை. அப்பளம் நான்கு. பாயசம் இரண்டு டம்ளர். இது சரியான அளவு, இரண்டால் பெருக்க வேண்டாம்.

ஆவுடை அழுதுகொண்டே பரிமாறினாள். பாயசம் ஊற்றும்போது, "இன்னும் கொஞ்சம் விடட்டுமாண்ணே?" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணே.

கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினொரு நாளு கஞ்சியக் குடிச்சுக் கிடந்துட்டு இங்க வந்து திங்கியே, உனக்குக் கிறுக்கா? வாசல்லயே சொல்லியிருந்தா நான் என்ன உன்னை அடிச்சா விரட்டியிருப்பேன்?"

"சொல்ல வரல ஆவுடை."

"சரி, தள்ளி வச்சா நல்லதுதான். நீ அதப் பண்ண வேண்டாம்."

கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நான் போட மாட்டேன். அம்மாவுக்கு நான்தான் போட்டேன். நீ அப்ப அங்க இல்ல."

பலவேசம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். வழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்கள், சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். புதுத் தேதி அக்டோபர் 8. இருபத்து நான்காம் தேதியிலிருந்து மறுபடியும் கஞ்சி. ஜெஸிந்தா மேடம் மட்டும், "பாயசம் ரெண்டு டம்ளர்னு நீங்களே சொன்னீங்க பாருங்க" என்றார். திட்டினாரா பாராட்டினாரா தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஆவுடை தினமும் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். "நீ இப்படியே இரு, குண்டா இரு, உயிரோட இரு" என்கிறாள். எனக்காகக் கவலைப்பட்டு வேண்டாம் என்று சொல்ல ஒருத்தர் இருக்கிறார். போனை வைத்த பிறகும் ரொம்ப நேரம் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். பதினான்கு வருடம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். காலையில் இருந்தேன். அம்மாவை உள்ளே கொண்டுபோனதும் பசித்தது. எதிர் ஓட்டலுக்குப் போனேன். ஆவுடையை உட்கார வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

இரண்டு தோசை சாப்பிட்டேன். ஐந்து. பிறகு பொங்கல். அது ஒரு மணி நேரம். அதற்குள் உள்ளே ஏதோ சிக்கலாகி, இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் வெளியே வந்திருக்கிறார். இவள் ஒருத்திதான் இருந்தாள், போட்டுக் கொடுத்திருக்கிறாள். பிறகு வந்து, உயிர் போய்விட்டது என்று சொன்னதையும் இவள் ஒருத்தியாகத்தான் கேட்டாள். நான் அவளுக்கு இட்லிப் பார்சல் வாங்கிக்கொண்டு படியேறி வந்தேன்.

அவள் என்னைத் திட்டவே இல்லை. அந்தப் பார்சலை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆவுடைக்குப் போன் செய்து சொன்னேன். "சாமி காப்பாத்திருச்சு" என்று அழுதாள். இரவு பரோட்டா ஆறு.

செப்டம்பர் 23, செவ்வாய்

பஞ்சாயத்து அலுவலகத்தில் எட்டுப் படி ஏறிவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டியது. யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆவுடைக்கு நானே போன் செய்தேன். மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். "ஆவுடை, நீ வேண்டாம்னு சொல்லுதது எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. அதைக் கேக்கதுக்குன்னே பண்ணாம இருந்துரலாம்னு தோணுது. ஆனா பரோட்டாவும் எனக்கு அப்படித்தான் இருக்கு. அந்த நேரத்துக்கு நல்லாருக்கு. இப்படியே இருந்தா நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேம்மா. நாளைலருந்து கஞ்சி."

அவள் போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 24, புதன்

கஞ்சி நான்கு தடவை. மோர். போன் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கஞ்சி. போன் வரவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அலுவலகத்தில் அளவுச் சங்கிலிக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கி, மாடி வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பெயரைக் கேட்டேன். வேலம்மாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்க நினைத்து, மழை வருமா என்று கேட்டுவிட்டுக் கீழே வந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். உடனிருப்பவர் எங்கே என்று கவுண்டரில் கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். பதினோரு மணிக்குக் கேட்டார்கள், பன்னிரண்டரைக்குக் கேட்டார்கள். மூன்றாம் தடவை, "சார், யாரும் வரலேன்னா அட்மிஷனைக் கேன்சல் பண்ணணும்" என்று மெதுவாகச் சொன்னார் அந்தப் பெண். ஒன்றரை மணி வரை பாருங்கள் என்று கெஞ்சினேன். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்து அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றே காலுக்கு மூன்று பேரும் வந்தார்கள். பலவேசம் கையில் வயர் கூடை, அதில் துண்டு, பிளாஸ்க், போர்வை. ஆவுடையின் முகம் வீங்கியிருந்தது. "நான் கையெழுத்துப் போட மாட்டேன், இவுக போடுவாக" என்றாள். பலவேசம் படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, முழுவதும் படித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், அன்னைக்குக் கோயில்ல நான் பேசுனது..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

காலை ஏழரை. பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். பின்பக்கம் நாடா எட்டவில்லை, இரண்டு அங்கியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தன்ஷிகா பார்த்துவிட்டுச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது.

எட்டு மணிக்கு உள்ளே. ஆவுடை நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பலவேசம் சொன்னார். அவளைக் கூப்பிட்டேன்.

"நான் உள்ள போனதும் நீ கேன்டீனுக்குப் போ."

"மாட்டேன். நீ முதல்ல வெளிய வா."

"போகணும் ஆவுடை."

"ஏன் இப்படிப் படுத்துத? நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்."

"மூணு மணி நேரம் ஆகும். மாப்பிள்ளை இருக்காரு. நீ போய்ச் சாப்பிடு. எனக்காகப் போ."

அவள் என்னையே பார்த்தாள். "அன்னைக்கு நீ சாப்பிடப் போனதுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே" என்றாள்.

"நீ சொல்லல. நான்தான் பதினாலு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவள் என் நெற்றியைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது. பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, தன்ஷிகாவின் கையைப் பிடித்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "என்ன சாப்பிடட்டும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு தோசை."

"சரி, இப்பவே போறேன். நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதே போறேன்."

போய்விட்டாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் படிவரை கேட்டது. தள்ளுவண்டி வந்துவிட்டது, நோட்டைக் கேட்கிறார்கள். அவள் திரும்பி வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அவசரம் இல்லை, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.